மே மாதக் கணக்கு

மே மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டால் மும்பைத் தமிழர்களில் பாதிப் பேர் கணக்குப் பிள்ளைகளாகி விடுகிறார்கள். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளின் காபிக் கடைகளில், தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய தையல் கூடங்களில், செம்பூரிலிருந்து கோட்டைப் பக்கம் போகும் ஹார்பர் லைன் ரயிலில் ஒரே பேச்சுதான்: ஐ.பி.எல். லீக் ஆட்டங்கள் முடியும்போது முதல் நான்கு இடங்களில் யார் இருப்பார்கள்? பிளே ஆஃப் சுற்றுக்குப் போகப்போவது யார்?

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு அணியின் கவலை. மும்பைத் தமிழருக்கு இரண்டு. பிழைப்பு இங்கே, பூர்வீகம் அங்கே. ஒரே வீட்டில் அப்பாவுக்கு மஞ்சள் சட்டை, மகனுக்கு நீலச் சட்டை. ஆகவே வாக்குவாதம் கடுமையாக இருக்கிறது. ஆளுக்கொரு சோதிடம். அதிக ரன் குவித்தவர் எங்கள் அணியில் இருக்கிறார் என்பார் ஒருவர். முதல் நான்கு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டோம் என்பார் இன்னொருவர். எங்கள் கேப்டனுக்கு ராசி அதிகம் என்பார் மூன்றாமவர்.

இத்தனை எண்களில் உண்மையிலேயே வருங்காலத்தைப் பற்றி எதையாவது சொல்லும் எண் எது? கேள்வி சில்லறையானது போலத் தோன்றலாம். ஆனால் தப்பான எண்ணை நம்பி இந்த நகரத்தில் பலர் கைக்காசை இழந்திருக்கிறார்கள். அதனால் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் எளிதான பகுதி. வெற்றிக்கு இரண்டு புள்ளி. மழையால் ஆட்டம் நின்றால் ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு அணியும் 14 லீக் ஆட்டங்கள் ஆடிய ஐ.பி.எல்.களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2008 முதல் 2025 வரை 16 புள்ளி பெற்ற எந்த அணியும் முதல் நான்கு இடங்களுக்கு வெளியே நின்றதில்லை. அதாவது எட்டு வெற்றி கிடைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். (2012லும் 2013லும் ஆளுக்கு 16 ஆட்டங்கள். கணக்கு வேறு. 2013ல் பெங்களூர் அணி 18 புள்ளி வாங்கியும் வெளியே போயிற்று.)

சிக்கல் ஏழு வெற்றியில் ஆரம்பிக்கிறது. 14 புள்ளி என்பது திரிசங்கு சொர்க்கம். 2010ல் நான்கு அணிகள் 14 புள்ளியில் நின்றன. பெங்களூரும் சென்னையும் உள்ளே போயின. டில்லியும் கொல்கத்தாவும் வெளியே. உள்ளே போன சென்னை கோப்பையையே தூக்கிக்கொண்டு வந்தது. 14 ஆட்டத்தில் ஏழில் தோற்ற அணி அது. 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளிலும் இதே 14 புள்ளியில்தான் சிலருக்குக் கதவு திறந்தது, சிலருக்கு மூடியது. கதவைத் திறந்தும் மூடியும் வைத்தது ஒரு தசம எண்: நெட் ரன் ரேட்.

இந்தத் தசமத்தின் வல்லமையை மும்பை நேரில் பார்த்த நாள் 2014 மே 25. அந்த ஆண்டு மும்பை இந்தியன்ஸ் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. கடைசி லீக் ஆட்டம் வான்கடேயில் ராஜஸ்தானுடன். ராஜஸ்தானுக்கு 14 புள்ளி, மும்பைக்கு 12. வெறும் வெற்றி போதாது. ராஜஸ்தான் எடுத்த 189 ரன்னை 14.3 ஓவருக்குள் தாண்ட வேண்டும். கோரி ஆண்டர்சன் 44 பந்தில் 95 ரன் விளாசினார். ஆனால் சரியாக 14.3 ஓவரில் ஸ்கோர் 189. வெற்றி ரன்னுக்கு ஓடிய அம்பட்டி ராயுடு ரன் அவுட். எல்லாம் முடிந்தது என்று அரங்கம் நினைத்தபோது கணக்காளர்கள் மறுபடி கணக்குப் போட்டார்கள்: அடுத்த பந்தில் ஒரு பவுண்டரி அடித்தால் இன்னும் வாய்ப்பு உண்டு! புதிதாக வந்த ஆதித்ய தாரே முதல் பந்தையே சிக்ஸர் அடித்தார். ராஜஸ்தான் முகாமில் ராகுல் திராவிட் தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார். கோபமே படாதவர் என்று பெயரெடுத்த மனிதர்! இரண்டு அணிகளுக்கும் இடையே கடைசியில் இருந்த வித்தியாசம் 0.035.

நெட் ரன் ரேட் என்பதைச் சமநிலையை உடைக்கும் கோடரியாக மட்டுமே பெரும்பாலோர் பார்க்கிறார்கள். கடைசி வாரத்தில்தான் அது ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் அதற்கு இன்னொரு குணம் உண்டு. அணியின் உண்மையான பலம் என்ன என்பதை அது புள்ளிப் பட்டியலைவிடச் சீக்கிரமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

2025ஐ எடுத்துக்கொள்ளலாம். மும்பை முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்றது. கேப்டனை மாற்று, மூத்தவர்களை உட்கார வை என்ற கூச்சல் நகரமெங்கும் கேட்டது. ஆனால் அந்த ஐந்து ஆட்டங்களையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் வேறு கதை வருகிறது. மும்பை எடுத்த ரன்: சென்னையுடன் 155, குஜராத்துடன் 160, கொல்கத்தாவுடன் 121, லக்னோவுடன் 191, பெங்களூருடன் 209. மொத்தம் 836. எதிரணிகள் அதே வரிசையில் எடுத்தது 158, 196, 116, 203, 221. மொத்தம் 894.

58 ரன் குறைவாயிற்றே என்று தோன்றும். ஓவர்களைச் சேர்த்துப் பாருங்கள். கொல்கத்தாவை மும்பை 12.5 ஓவரிலேயே முடித்துவிட்டது. ஆகவே மும்பை ஆடியது 92 ஓவர் 5 பந்து. எதிரணிகள் ஆடியது 99 ஓவர் 1 பந்து. (ஓர் அணி முழுதும் ஆட்டமிழந்தால் அது எத்தனை ஓவரில் ஆட்டமிழந்தாலும் 20 ஓவர் என்றே கணக்கு, கொல்கத்தா அப்படித்தான் 116க்குச் சுருண்டது.) வகுத்தால் மும்பை ஓவருக்கு 9.005 ரன் எடுத்தது, 9.015 ரன் கொடுத்தது. வித்தியாசம் கழித்தல் 0.010. ஓவருக்கு நூறில் ஒரு பங்கு ரன்! ஐந்தில் நான்கு தோல்வி என்ற தலைப்புச் செய்தியின் பின்னால் இருந்தது, எதிரிகளுக்குச் சற்றும் இளைக்காத ஓர் அணி. இரண்டு தோல்விகள் 12 ரன் வித்தியாசத்தில் வந்தவை. சேப்பாக்கத்தில் சென்னை ஜெயித்தபோது மிச்சமிருந்தது ஐந்தே பந்து.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். வரிசையாக ஆறு வெற்றி. அதில் ராஜஸ்தானை வீழ்த்தியது 100 ரன் வித்தியாசத்தில். லீக் முடிவில் மும்பைக்கு 16 புள்ளி, நான்காம் இடம். நெட் ரன் ரேட்டோ 1.142, பத்து அணிகளில் மிக உயர்ந்தது.

இந்தச் சூட்சுமத்தை முதலில் ஊருக்குச் சொன்னவர்கள் கிரிக்கெட்காரர்கள் அல்ல, அமெரிக்கர்கள். கான்சஸ் மாநிலத்தில் ஒரு டின் உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்த பில் ஜேம்ஸ் என்பவர், காவல் நேரத்தில் பேஸ்பால் ஆட்டங்களின் எண்களைக் குடைந்துகொண்டிருந்தார். 1977ல் தன் கணக்குகளைத் தானே அச்சிட்டு விற்க ஆரம்பித்தார். பின்னர் அவர் ஒரு சூத்திரம் தந்தார். ஓர் அணி எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை பங்கு ஆட்டங்களில் ஜெயித்திருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். அதைவிட அதிகமாக ஜெயித்திருந்தால் அதிர்ஷ்டம் கூடவே வந்திருக்கிறது என்று பொருள். அதிர்ஷ்டம் ரொம்ப நாள் தங்காது. அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் அதே சூத்திரத்தைச் சிறு மாற்றத்தோடு பொருத்தினார்கள்.

தத்துவம் எளியது. ஒரு ரன்னில் ஜெயிப்பதற்கும் ஒரு ரன்னில் தோற்பதற்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரு நழுவிய கேட்ச், ஓர் அம்பயர் விரல், கொஞ்சம் பனித்துளி. ஐம்பது ரன்னில் ஜெயிப்பதற்குப் பலம் வேண்டும். புள்ளிப் பட்டியல் இரண்டுக்கும் அதே இரண்டு புள்ளிதான் தருகிறது. வித்தியாசமோ இரண்டையும் பிரித்து வைக்கிறது. துடுப்பாட்டத்தையும் பந்து வீச்சையும் ஒரே தராசில் நிறுத்துவது அதன் இன்னொரு சிறப்பு. ஆறு ஓவரில் எத்தனை ரன், எத்தனை சிக்ஸர், எத்தனை ரன் இல்லாப் பந்து என்ற எண்ணெல்லாம் இந்தத் தராசில் விழும் சிறு படிக்கற்கள்.

அப்படியானால் நட்சத்திரங்கள்? அதிக ரன் எடுத்தவருக்குத் தரும் ஆரஞ்சுத் தொப்பியைப் பார்ப்போம். 2008 முதல் 2025 வரை 18 தொப்பிகள். அவற்றில் 15ஐ அணிந்தவர்கள் முதல் நான்கில் வந்த அணிகளைச் சேர்ந்தவர்கள். பார்த்தீர்களா, தொப்பி உள்ள அணி உள்ளே போகிறது என்று கிங்ஸ் சர்க்கிள் நண்பர் மேஜையைத் தட்டுவார். ஆனால் இங்கே வண்டியைக் குதிரைக்கு முன்னால் கட்டியிருக்கிறோம். தொப்பிக்கு பிளே ஆஃப் ஆட்டங்களின் ரன்களும் சேரும். உள்ளே போன அணியின் ஆட்டக்காரருக்குக் கூடுதலாக ஓர் ஆட்டமாவது கிடைக்கிறது, சிலருக்கு மூன்று. வெளியே நின்றவர் 14 ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகிறார். தொப்பியால் அணி உள்ளே போனதை விட, அணி உள்ளே போனதால் தொப்பி வந்தது என்பதே பல நேரம் பொருத்தம். அணி வெளியே நின்றும் தொப்பி வென்ற மூவரைப் பாருங்கள்: 2012ல் பெங்களூரின் கிறிஸ் கெய்ல், 733 ரன். 2015ல் ஹைதராபாத்தின் டேவிட் வார்னர், 562. 2020ல் பஞ்சாபின் கே.எல். ராகுல், 670. மூவரும் மலை மலையாகக் குவித்தார்கள். அணிகள் நான்குக்குள் வரவில்லை. 2025ல் அதிக ரன் எடுத்தவர் சென்னையின் சாய் சுதர்சன், 759, குஜராத் அணிக்காக. இரண்டாவது செம்பூர்ப் பக்கம் வளர்ந்த சூர்யகுமார் யாதவ், 717. இருவரின் அணிகளும் இறுதி ஆட்டத்தை எட்டவில்லை.

இங்கேதான் கைக்காசு விஷயம் வருகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் வரை, கைபேசியில் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் ஆட்டம் நாடெங்கும் கொடிகட்டிப் பறந்தது. அந்தத் தொழிலின் மிகப் பெரிய பெயரான ட்ரீம்11 மும்பை நிறுவனம்தான், 2020 ஐ.பி.எல்.லின் பெயரோடேயே அது ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செயலிகள் கேட்டதெல்லாம் தனி மனிதர்களின் எண்கள். இவர் எத்தனை ரன், அவர் எத்தனை விக்கெட். அணியின் வித்தியாசத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. காரணம் இல்லாமல் இல்லை. தனி மனிதனின் ஒரு நாள் ஆட்டத்தைப் போல ஊசலாடும் எண் வேறு கிடையாது. ஊசலாட்டம் இருந்தால்தான் இன்று விட்டதை நாளை பிடிக்கலாம் என்ற ஆசை உயிரோடு இருக்கும். சட்டம் செயலியை மூடியது, ஆசையை மூடவில்லை. பஞ்சு விலையை வைத்துச் சூதாடத் தொடங்கிப் பிறகு பானையிலிருந்து சீட்டு எடுத்த மட்கா பிறந்த ஊர் இது. வாரக் கூலியை வாங்கிய கையோடு பந்தயம் கட்டும் இளைஞனுக்கு யாராவது சொல்ல வேண்டிய விஷயம்: அவன் நம்பும் எண் தவறானது. அதைவிட முக்கியமானது, சரியான எண்கூட இன்றிரவு ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்லாது. 14 ஆட்டங்களின் போக்கைப் பற்றித்தான் அது பேசும்.

அதுவும் எப்போதும் உண்மை பேசும் என்று சத்தியம் செய்ய முடியாது. 2025ல் டில்லி முதல் நான்கு ஆட்டங்களையும் ஜெயித்தது. வித்தியாசமும் கொழுத்துத்தான் இருந்தது. கடைசியில் 15 புள்ளியோடு ஐந்தாம் இடம். மே 21 அன்று வான்கடேயில் மும்பையிடம் 59 ரன்னில் தோற்றபோது கதவு சாத்தப்பட்டது. நான்கு ஐந்து ஆட்டங்களை வைத்து ஆரூடம் சொல்பவர் எந்த எண்ணைக் கையில் வைத்திருந்தாலும் அடக்கமாக இருப்பது நல்லது.

ஒரே ஒரு பெரிய வெற்றி இந்தத் தசமத்தை ஊத வைத்துவிடும் என்பதும் உண்மை. 2017ல் மும்பை டில்லியை 66 ரன்னில் சுருட்டி 146 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அப்படி ஒரு நாள் பல வாரத்துச் சோம்பலை மறைத்துவிடக் கூடும். மாறாக 2023ல் மும்பையின் நெட் ரன் ரேட் பூஜ்யத்துக்குக் கீழே, கழித்தல் 0.044. ஆனாலும் எட்டு வெற்றி, 16 புள்ளி, நான்காம் இடம். தோற்றபோது நன்றாகத் தோற்றது. இலக்கு 200 அல்லது அதற்கு மேல் இருந்த நான்கு ஆட்டங்களில் துரத்திப் பிடித்தது. வெற்றி என்ற எண்ணுக்கு மேலே வேறு எண் கிடையாது. தசமம் அதன் நிழல்தான்.

அமெரிக்கக் கால்பந்திலும் இந்த வேதனை உண்டு. 2010ல் சான் டியாகோ அணி மைதானத்தில் மற்ற எல்லோரையும் விட அதிக தூரம் முன்னேறியது, எதிரிகளுக்கு மிகக் குறைந்த தூரமே விட்டுக்கொடுத்தது. எடுத்த புள்ளி, கொடுத்ததை விட நூறுக்கும் மேல் அதிகம். ஆனாலும் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. அதே ஆண்டு 16ல் ஒன்பது ஆட்டம் தோற்ற சியாட்டில் அணி, தன் பிரிவில் மற்றவர்கள் இன்னும் மோசம் என்பதால் உள்ளே போனது. போனதோடு நில்லாமல் நடப்புச் சாம்பியனையும் முதல் ஆட்டத்திலேயே வீழ்த்தியது. தமிழில் ‘விதி’ என்ற சொல்லுக்குச் சட்டம் என்றும் பொருள், தலையெழுத்து என்றும் பொருள். பிளே ஆஃப் கணக்கில் இரண்டு விதியும் கைகோத்து நடக்கின்றன.

இரண்டும் சேர்ந்து சென்னை ரசிகர்களை அழ வைத்த இரவு 2024 மே 18. பெங்களூர் அணி முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்றுப் பிறகு தொடர்ந்து ஐந்தை ஜெயித்து வந்திருந்தது. சென்னை தோற்றாலும் பரவாயில்லை, 201 ரன் எடுத்தால் உள்ளே போகலாம் என்பது கணக்கு. கடைசி ஓவரில் வேண்டியது 17. முதல் பந்தில் தோனியின் சிக்ஸர். இரண்டாவது பந்தில் அவர் அவுட். ஓவரில் வந்தது ஏழே ரன். 191ல் ஆட்டம் முடிந்தது. இரண்டு அணிக்கும் 14 புள்ளி, இடைவெளி 0.067. அந்தப் பத்து ரன்னைக் கடைசி ஓவரில் தேடியதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மார்ச் மாதத்திலும் ஏப்ரல் மாதத்திலும் ஜெயித்துவிட்டோம் என்ற திருப்தியில் நிதானமாக ஓடிய ஒற்றை ரன்களும், தோற்றுவிட்டோம் என்ற அலுப்பில் கோட்டைவிட்ட பவுண்டரிகளும் அதே கணக்கில்தான் இருந்தன. தசமம் எதையும் மறப்பதில்லை.

உள்ளே போவது ஒன்று, ஜெயிப்பது வேறு. 2025ன் மிகச் சிறந்த நெட் ரன் ரேட்டோடு போன மும்பை, ஜூன் 1 அன்று அகமதாபாத்தில் 203 ரன் எடுத்தது. முதலில் ஆடி 200ஐத் தாண்டிய பிறகு அதுவரை ஐ.பி.எல்.லில் தோற்றறியாத அணி அது. எதிரே பஞ்சாப். அதன் கேப்டன் 41 பந்தில் 87 ரன் எடுத்து, ஓர் ஓவர் மிச்சம் வைத்து மும்பையை வீட்டுக்கு அனுப்பினார். அவர் ஸ்ரேயஸ் ஐயர். தமிழ்த் தந்தைக்குச் செம்பூரில் பிறந்து, மாட்டுங்காவின் டான் பாஸ்கோ பள்ளியிலும் பொதார் கல்லூரியிலும் படித்தவர். 2020ல் டில்லி, 2024ல் கொல்கத்தா, 2025ல் பஞ்சாப் என மூன்று அணிகளை இறுதி ஆட்டத்துக்கு அழைத்துப் போன முதல் கேப்டன். அன்றிரவு மாட்டுங்காவில் துக்கப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் விழித்தவர்கள் உண்டு.

அடுத்த மே மாதம் வரும். காபி டம்ளர்களுக்கு நடுவே காகிதம் விரியும். அப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எட்டு வெற்றிக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று முதலில் எண்ணிவிட்டு, அணி எடுத்ததிலிருந்து கொடுத்ததைக் கழித்துப் பார்க்க வேண்டும். தொப்பி யாருக்கு என்ற பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். வரவையும் செலவையும் கழித்துப் பார்த்துக் குடும்பத்தின் நிலைமையைச் சொல்லிவிடும் தாராவி இல்லத்தரசிக்கு இந்தச் சூத்திரத்தைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. வீட்டில் யார் அதிகம் சம்பாதிக்கிறார் என்பது அவளுக்கு முக்கியமில்லை. மாதக் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்பதுதான்.